குறடு

வாப்பாவின் கையில் எப்போதும் கராம்பு எண்ணெய் மணக்கும். மன்னார்த் தீவில் ஓர் அரசாங்க வைத்தியசாலையின் பல் பகுதியில் அவர் சிற்றூழியர். பல்லுக் கழட்டுவது டொக்டர், கழட்டிய குறட்டைக் கழுவுவது வாப்பா. டொக்டர்மார் மாற்றலாகிப் போவார்கள். வாப்பா அங்கேயே இருந்தார். லீவு நாட்களில் சோற்றுக் கரியர் கொண்டுபோகும் சாட்டில் நானும் போய் நிற்பேன்.

குறடு என்றால் ஒன்றல்ல. மேல் கடைவாய்ப் பல்லுக்கு வலது, இடது என்று இரண்டு உண்டு. அந்தப் பல்லுக்குக் கன்னப் பக்கம் இரண்டு வேர், அண்ணப் பக்கம் ஒன்று. ஆகவே கன்னப் பக்கத்து அலகில் மட்டும் ஒரு கூர் இருக்கும். அது இரண்டு வேருக்கும் நடுவில் போய் உட்கார வேண்டும். கீழ் கடைவாய்க்கு இரண்டு அலகிலும் கூர். அந்த ஒரு குறடே இரு பக்கத்துக்கும் போதும். வாப்பா அவற்றைத் துணியில் பரப்பிவைத்து, "இது எந்தக் கன்னத்துக்கு, சொல்லு பாப்பம்" என்பார்.

முதலில் பச்சைத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்ப்பார். "சுடுதண்ணி ரத்தத்த அவிச்சு ஒட்ட வெச்சிரும்." பிறகு மூட்டை அகலத் திறந்துதான் கொதிக்கப் போடுவார். மூடிய மூட்டுக்குள் அழுக்கு ஒளிந்துகொள்ளுமாம். எங்கள் பக்கத்துக் கிணற்றில் உப்பு. துருப்பிடிக்காத இரும்பு என்பது பேருக்குத்தான், உப்புத் தண்ணீரில் அதுவும் புள்ளி புள்ளியாய் அரிக்கும். அதற்காக மாரியில் பீலித் தண்ணீரைப் பரலில் பிடித்துவைப்பார். கடைசியில் துடைத்து, மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டோம். உம்மா எதை எடுப்பது, எதை விடுவது என்று பைகளோடு அழுதுகொண்டிருக்க, வாப்பா வைத்தியசாலைக்குப் புறப்பட்டார்.

"ஊரே தோணிக்கு ஓடுது. நீங்க குறட்டுக்கு எண்ணெய் பூசப் போறீங்களா?"

"நாளைக்கு ஆருக்காவது பல்லுக் கொதிச்சா?" என்றார் வாப்பா. சாமான்களை இடாப்போடு சரிபார்த்து, துடைத்துப் பூட்டி, திறப்பைக் கையளித்துவிட்டுத்தான் வந்தார். அன்று எனக்கும் அவர்மேல் கோபம்தான்.

கற்பிட்டியில் தென்னோலைக் கொட்டில். பக்கத்துக் கொட்டிலில் ஒரு மீன்பிடிகாரர். அவருடைய மகனுக்குப் பத்து வயதிருக்கும். ஓர் இரவு கன்னம் வீங்கி அலறினான். தகப்பன் எஞ்சின் கழட்டும் குறட்டோடு வந்து நின்றார்.

"காக்கா, இதுவும் குறடுதானே. தண்ணி கொதிக்குது, போட்டு எடுப்பம்."

வாப்பா அதை வாங்கி, மூட்டைத் திறந்து பார்த்து, திருப்பிக் கொடுத்தார். "ஏலாது தம்பி. இது பல்ல நொறுக்கும், வேர் உள்ளுக்கு நிண்டிரும். நான் டொக்டரும் இல்ல."

"அங்க இரும்புக்கெல்லாம் இரங்கினீங்க. என்ட புள்ளைக்கு இரங்க மாட்டீங்களா?"

வாப்பா வாய் திறக்கவில்லை. இளஞ்சூட்டு உப்புத் தண்ணீர் கொப்பளிக்கக் கொடுத்தபடி விடியுமட்டும் பையனோடு இருந்தார். காலையில் லொறியொன்றில் ஏற்றிப் புத்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். பையன் தொட்டுக் காட்டியது மேல் பல்லை. டொக்டர் கண்ணாடியின் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தபோது துள்ளியது கீழ்ப் பல்லுக்கு.

அந்தலூஸின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி கி.பி. 1000 அளவில் முடித்த 'அத்தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பாகம் சத்திர சிகிச்சை பற்றியது. பல்லில் படியும் காறையைச் சுரண்டும் கருவிகளை வரைந்தே காட்டியிருக்கிறார். வலி ஆளை ஏமாற்றும், நல்ல பல்லைக் காட்டவைக்கும், ஆகவே அவசரப்பட்டுக் கழட்டாதே என்றும் எச்சரிக்கிறார். வாப்பா அவரைப் படித்தவரல்ல. நானும் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். அந்த இரவு குறட்டை வாங்கியிருந்தால் பையனின் நல்ல பல் போயிருக்கும். ஆனாலும் அந்த மனிதர் பல வருடம் எங்களோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. பிள்ளை துடித்த அந்த இரவைத்தான் அவர் வைத்திருந்தார். அதையும் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது என் கையில் ஓட்டோகிளேவ். 121 பாகை, 15 இறாத்தல் அமுக்கம், குறைந்தது 15 நிமிடம். வெறும் கொதிநீருக்குச் சாகாத கிருமி வித்துகளும் இதில் சாகும். பொதியில் ஒட்டும் நாடாவில் கறுப்புக் கோடு விழும். அது சூடு பட்டதற்குத்தான் சாட்சி, உள்ளே மூட்டு மூடியிருந்தால் அது சொல்லாது. மூட்டைத் திறந்து வைப்பது இன்றும் கைவேலைதான்.

2002இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தபோது, மன்னாரிலிருந்து பழைய கூட்டாளி ஒருவர் வாப்பாவைப் பார்க்க வந்தார். வீடு, வளவு, பள்ளிவாசல் பற்றி உம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. வாப்பா கடைசியாகத்தான் கேட்டார்:

"அந்தக் குறடெல்லாம் இருக்கா?"

"எல்லாம் புதுச் சாமான் வந்திட்டு காக்கா."

"மூட்டத் திறந்து வெச்சா அவிக்கிறாங்க?"

வந்தவருக்கு அது தெரியவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சிரித்தார்.