தென்னை ஏறுகிறவரின் கணுக்கால்

எம்.சி.ஓ.பி., அதாவது வாகன விபத்து இழப்பீட்டு வழக்கின் கட்டு ஒன்று ஆபீசுக்கு வந்தால் என் சீனியர் முதலில் தேடுவது ஏ.ஆர். காப்பியைத்தான். எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் அப்புறம். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் இறக்கியதும் டூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் நாலைந்து வரி எழுதுவார். எத்தனை மணி, யார் கொண்டுவந்தது, எப்படி அடிபட்டது, நினைவு இருந்ததா, மது வாசனை வந்ததா என்று இருக்கும். அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி. வழக்குக் காகிதங்களில் பெரும்பாலும் இதுதான் முதலில் பிறப்பது. வக்கீல் யாரும் கட்டைத் தொடுவதற்கு வெகுமுன்பே எழுதப்பட்டது என்பதால் தீர்ப்பாயம் அதற்கு மதிப்புக் கொடுக்கும். "வேன் மோதியது" என்று இருக்க வேண்டிய இடத்தில், பதறிப்போய்க் கூட வந்தவர் சொன்ன "வண்டியிலிருந்து விழுந்துட்டாரு" ஏறிவிட்டால் போதும். இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, விபத்தில் வேனுக்குச் சம்பந்தமே இல்லை என்று வாதாடுவார்.

பொள்ளாச்சியில் ஜூனியராகச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, ஒரு காகிதமும் இன்னொரு காகிதமும் எங்கே முரண்படுகின்றன என்று பார்த்துக் குறித்துவைப்பது. எஃப்.ஐ.ஆரில் வேன் பின்னாலிருந்து மோதியதாக இருக்கும். மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட்டில் பைக்கின் முன்சக்கரம் வளைந்திருக்கும். ரஃப் ஸ்கெட்ச்சில் விபத்து நடந்த இடம் சாலையின் எந்த ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்தே கவனக்குறைவில் பாதியை அடிபட்டவர் தலையில் கட்டிவிட முடியும். "கேஸை வாயால நடத்தாதேம்மா, கட்டு நடத்தட்டும்" என்பார் சீனியர். கிரிமினல் கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய சுமை இங்கே இல்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். அதையும் இந்தக் காகிதங்களைக் கொண்டுதான் காட்ட வேண்டும்.

கெடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 166-ஆவது பிரிவின் கீழ் மனுப் போட வெகுகாலம் கெடுவே இல்லாமல் இருந்தது. 2019 திருத்தம், 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதக் கெடுவைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அந்த வழக்கின் முடிவை நம்பிக்கொண்டு யாரும் காத்திருக்கக் கூடாது. விபத்து எந்த மாவட்டத்தில் நடந்தாலும், அடிபட்டவர் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம் என்பது ஏழைகளுக்குப் பெரிய வசதி. அரசு ஆஸ்பத்திரியில் செலவில்லாமல் வைத்தியம் நடந்துவிட்டது, பில் இல்லாததால் கேஸ் நிற்காது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறவர்களையும் பார்க்கிறேன். மருத்துவச் செலவு இழப்பீட்டில் ஒரு தலைப்பு மட்டுமே. வலி வேதனை, சிகிச்சைக் காலத்தில் போன கூலி, கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் உழைப்பு, சத்துணவு, போக்குவரத்து, இனி வரப்போகும் வருமான இழப்பு எல்லாம் தனித்தனித் தலைப்புகள்.

அந்தக் கடைசித் தலைப்பில்தான் இந்தத் தொழிலின் சாரம் இருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்டது ஒரு தென்னை ஏறும் தொழிலாளியின் வழக்கில்.

உடுமலை ரோட்டில் சரக்கு வேன் மோதி அவருடைய வலது கணுக்கால் நொறுங்கிவிட்டது. பிளேட்டும் ஸ்குரூவும் வைத்து எலும்பைக் கூட்டினார்கள். எலும்பு கூடியது, மூட்டு அசைவு போய்விட்டது. ஆபீசுக்குள் அவர் நடந்து வந்தபோது லேசாகச் சாய்ந்தார், அவ்வளவுதான். ஊனச் சான்றிதழில் காலுக்கு இத்தனை சதவீதம் என்று போட்டிருந்தார்கள். அதை முழு உடலுக்கு என்று கணக்கிட்டபோது முப்பது வந்தது. நான் மனுவில் வருமான இழப்பு என்ற இடத்தில் 30 என்று எழுதி வைத்திருந்தேன். சீனியர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல், ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பை எடுத்து மேஜையில் வைத்தார்.

2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அந்தத் தீர்ப்பை விபத்து வழக்கு நடத்தும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. உடல் ஊனத்தின் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் குறைந்த சதவீதமும் ஒன்றல்ல என்கிறது அது. இடது கை போன ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பு மொத்தமாகப் போகலாம். அதே கை போன குமாஸ்தா அதே நாற்காலியில் அதே சம்பளத்துக்கு வேலை செய்யலாம். அதனால் தீர்ப்பாயம் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். அடிபட்டவரால் இப்போது எதெது முடியும், எதெது முடியாது. விபத்துக்கு முன் அவர் என்ன தொழில் செய்தார், என்ன வயது. அந்தத் தொழிலை இன்னும் செய்ய முடியுமா, முடியாவிட்டால் வேறு எதைச் செய்து பிழைப்பார்.

இந்தக் கேள்விகளுக்கு டாக்டர் பதில் சொல்ல மாட்டார். டாக்டர் மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்பார். மரம் ஏறத் தெரிந்தவர்தான் மரத்தைப் பற்றிச் சொல்ல முடியும். "ஏறுறப்ப காலுக்கு என்ன வேலைன்னு கேட்டுட்டு வா" என்று சீனியர் என்னை அவர் வேலை பார்த்த தோப்புக்கு அனுப்பினார்.

தளைக்கயிற்றைப் பாதங்களில் மாட்டிக்கொண்டு எப்படி ஏறுவது என்பதை அவர் தரையில் உட்கார்ந்தபடியே செய்து காட்டினார். இரண்டு பாதமும் உள்பக்கம் மடங்கி மரத்தைக் கவ்வ வேண்டும். உடம்பின் பாரம் முழுக்க அந்தக் கவ்வலில்தான் நிற்கிறது. கை மேலே நகரும் நேரத்தில் கால் மட்டுமே பிடிமானம். "கால் புடிக்க மாட்டீங்குதுங்க மேடம். மொண்ணையா இருக்குது. பாதி மரத்துல நழுவுனா அப்புறம் நானில்லீங்க" என்றார். அவர் மனைவி என் பக்கம் திரும்பி, "கண்ணு, ஒரு தோப்புக்கு வெட்டு முடிஞ்சா நாப்பத்தஞ்சு நாள்ல மறுபடி வரச் சொல்லுவாங்க. இப்ப யாருமே கூப்புடறதில்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் தொழிலின் சுழற்சியும் வருமானத்தின் கணக்கும் சேர்ந்தே வந்துவிட்டன. மரத்துக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை தோப்பு, தோப்புக்கு எத்தனை மரம் என்று எழுதிக்கொண்டு வந்தேன். சம்பள ரசீது இல்லாத ஒருவரின் மாத வருமானம் இப்படித்தான் உருவாகிறது. தோப்புக்காரர் ஒருவர் கூலி கொடுத்ததைக் குறித்துவைத்த நோட்டோடு சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார். கூலிக்காரனுக்காகக் கோர்ட் படியேற எல்லா முதலாளிகளும் சம்மதிப்பதில்லை. அவரை இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன்.

குறுக்கு விசாரணையில் எதிர்பார்த்த கேள்வி வந்தது. மரம் ஏற முடியாவிட்டால் என்ன, கீழே தேங்காய் உரிக்கலாமே? சீனியர் அதற்கும் முன்பே வழி செய்திருந்தார். நட்டுவைத்த பாரையில் தேங்காயைக் குத்தி மட்டையைத் திருப்பி உரிப்பதற்கு நாள் முழுக்க இரண்டு காலையும் ஊன்றி நிற்க வேண்டும். ஒவ்வொரு காய்க்கும் உடம்பை முன்னால் சாய்த்து அழுத்த வேண்டும். இதையும் தோப்புக்காரரே சாட்சிக் கூண்டில் நின்று சொன்னார். சையத் சாதிக் வழக்கில் கால் இழந்த காய்கறி வியாபாரியைப் பற்றி, ஓரிடத்தில் உட்கார்ந்து விற்கலாம்தானே என்ற எண்ணத்தை 2014-இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. காய்கறி விற்கிறவர் மொத்த மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்து வர வேண்டாமா என்று கேட்டது. அந்தத் தீர்ப்பையும் சீனியர் வாதத்தில் வைத்தார்.

கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் சதவீதம் என்ன செய்யும் என்பது அப்போதுதான் தெரியும். அவருக்கு வயது 38. மாத வருமானம் 12,000 என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டது. 40 வயதுக்கு உட்பட்ட சுயதொழில்காரருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்கலாம் என்பது 2017-இல் வந்த பிரணய் சேத்தி தீர்ப்பின் வழி. ஆக 16,800. வருடத்துக்கு 2,01,600. 36 முதல் 40 வயது வரைக்குமான பெருக்கல் எண் 15 என்று 2009-இல் சர்லா வர்மா தீர்ப்பு வகுத்திருக்கிறது. பெருக்கினால் 30,24,000. இதில் 30 சதவீதம் என்றால் 9,07,200. 60 சதவீதம் என்றால் 18,14,400. தீர்ப்பாயம் 60 என்று வைத்தது. மரம் மட்டுமே தெரிந்தவருக்கு அதுவும் குறைவு என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் தோப்புக்குப் போய்க் கேட்டு வந்ததும் அதைச் சாட்சியாகக் கொண்டுவந்ததும் ஒரு குடும்பத்துக்கு ஒன்பது லட்சத்துக்கு மேல் வித்தியாசம் செய்தன.

அதற்குப் பிறகு தையற்காரர், பூக்கட்டும் அம்மா, பஞ்சு மில் தொழிலாளி என்று யார் கட்டு வந்தாலும் அவர்கள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்காமல் நான் மனு எழுதுவதில்லை. பூக்கட்டுகிறவருக்குக் கால் முறிந்ததற்கும் ஆள்காட்டி விரல் மரத்துப்போனதற்கும் உள்ள வித்தியாசம் எந்தச் சான்றிதழிலும் தெரியாது. விரல் மரத்துப்போனால் சதவீதம் சிறியது, பிழைப்பு மொத்தமும் போகும். சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒரு தொகையால் பெருக்கிக் கேஸை முடித்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தொழில் பாதிக்கப்படாதவருக்கு அது பொருந்தலாம். உடம்பையே முதலாக வைத்துப் பிழைக்கிறவருக்கு அது அநியாயம். லோக் அதாலத்தில் சமாதானமாகப் போவது நல்லதுதான், பணம் சீக்கிரம் கைக்கு வரும். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டபின் அப்பீல் கிடையாது என்பதை மனுதாரருக்கு அவருடைய மொழியில் சொல்லி, அவர் புரிந்துகொண்ட பிறகே பேனாவைக் கொடுக்க வேண்டும்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் யாராவது விபத்தில் அடிபட்டிருந்தால் ஏ.ஆர். காப்பியை உடனே வாங்கிப் படித்துப் பாருங்கள். ஸ்கேன், மருந்துச் சீட்டு, ஆட்டோ வாடகைச் சீட்டு எதையும் எறியாதீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும் யாருக்கும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் உங்கள் ஊர்க் கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள்.