பட்டினமும் பட்டணமும்

வாசலில் மீன்கூடை இறங்கியதும் அப்பாயி முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பு மங்கியிருந்தால் பேரமே கிடையாது. "கருக்கல்ல கரையேறின மீனுங்க ஆச்சி" என்று மீன்காரம்மா சாதித்தாலும் பலிக்காது. திருவேட்டக்குடிக்குக் கடல் பக்கம்தான். அங்கே வலை போடுகிறவர்களை ஊர்ப் பெரியவர்கள் பட்டினவர் என்பார்கள். சித்தப்பா வேலை பார்த்த சென்னையோ பட்டணம். அங்கிருந்து தீபாவளிக்கு அவர் வாங்கி வருவது, காரைக்காலிலேயே கிடைக்கிற பட்டணம் பக்கோடா.

பட்டினமும் பட்டணமும் பேச்சில் எப்போதோ கலந்துவிட்டன. கடலோரம் முழுக்கப் பட்டினங்கள்: நாகப்பட்டினம், அதிராம்பட்டினம், எங்களுக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினம். முன்னொட்டு எதுவும் இல்லாமல் பட்டினம் என்றால் மட்டும் அது காவிரிப்பூம்பட்டினம். உருத்திரங்கண்ணனார் 301 அடிகளில் பாடிய பட்டினப்பாலைக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. திருவெண்காடர் பட்டினத்தார் ஆனதும் அந்த ஊரால்தான்.

மாசி மகத்தன்று எங்கள் ஊர்ச் சுவாமி மண்டபத்தூர்க் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். கூட்டத்தில் அப்பாவின் தோளில் இருந்தபடி வடக்கே பார்ப்பேன். அந்தப் பக்கம் தரங்கம்பாடி, அதையும் தாண்டினால் பூம்புகார். தங்கள் முன்னோர் அங்கிருந்து கரையோடு கரையாக இறங்கி வந்தவர்கள் என்று கரையில் பட்டினவர்ப் பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள்.

பிறகு சிலப்பதிகாரம் படித்தபோது ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. புகாரில் மீன் விற்கும் பரதவர் இருந்தது கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில். அரசனும் பெருவணிகரும் உள்ளே தள்ளிப் பட்டினப்பாக்கத்தில். நடுவே நாளங்காடி. அந்த ஊரைப் பூர்வீகமாகச் சொல்லும் நகரத்தார் செட்டிநாட்டில் மாளிகை கட்டிக்கொண்டார்கள். துறைமுகத்தின் மிச்சமாக 1960களில் கீழையூரில் ஒரு செங்கல் படகுத்துறையைத் தோண்டி எடுத்தார்கள். பட்டினம் என்ற பெயரோடு இன்னும் கடலுக்குப் போய்வருகிறவர்கள் மீனவர்கள் மட்டும்தான்.

சென்னையிலும் ஒரு பட்டினப்பாக்கம் உண்டு. அலை வந்து வாசலைத் தொடுகிற தூரத்தில் அங்கே மீனவர் வீடுகள். இளங்கோ மருவூர்ப்பாக்கத்தில் வைத்தவர்களைப் பட்டணம் பட்டினப்பாக்கத்திலேயே குடிவைத்திருக்கிறது.