வினாவை எழுப்புவது யார்?

பட்டினி என்றதும் வறுமையையே நாம் நினைக்கிறோம், அது இயல்பே. ஆயினும், கலத்தில் சோறிருந்தும் உண்ண அஞ்சி உடல் தேய்வோரும் உளர். இந்நோய்க்கு 'அனொரெக்சியா நேர்வோசா' எனப் பெயரிட்ட இலண்டன் மருத்துவர் சேர் வில்லியம் கல், 1874இல் வெளிவந்த தமது கட்டுரையில் நோயாளிப் பெண்களின் உருவங்களைப் பதிப்பித்தார்: மெலிந்த கோலம் ஒன்று, தேறிய கோலம் ஒன்று. தேறிய முகத்துக்குள்ளே அச்சம் தணிந்ததா என்பதைப் படம் சொல்லாது. அதை அவளிடமே கேட்டல் வேண்டும்.

கேளாமல் வகுத்த விதிகளால் யாருக்கு நட்டம்? 1994இல் வெளிவந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின் நான்காம் பதிப்பின்படி, பூப்பெய்திய பெண்ணுக்கு மாதவிடாய் தொடர்ந்து மூன்று முறை நின்றிருந்தாலன்றி அவள் இந்நோயாளி அல்லள். எலும்புந் தோலுமாய்க் கிடந்தவளும் விதிக்குப் புறம்பானாள்! அவ்விதி நீங்க 2013ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒல்லாந்தில் நோயை அனுபவித்தோர், அவர்தம் குடும்பத்தார், மருத்துவர் ஆகியோர் கூடித் தெரிந்தெடுத்த பத்து ஆராய்ச்சி வினாக்கள் 2016இல் வெளியாயின. இதனை நாம் வரவேற்கிறோம். ஆனால், வினாவை வகுக்க அழைத்துவிட்டு, நிதி பங்கிடும் சபையில் அவர்களுக்கு இடமளியாவிடின் அது வெறும் உபசாரமே. பேராசிரியருக்குச் சம்பளம், பட்டறிந்தவருக்கு நன்றியுரை என்பது எந்த நியாயம்? ஆறிய புண்ணைக் கிளறிச் சொல்வதும் உழைப்புத்தான். அதற்குக் கூலி வேண்டும், இடைநடுவில் விலகும் உரிமையும் வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறோம். தேறியவரும் நாவன்மையுடையவரும் மட்டுமே சபையில் வந்தமர்ந்தால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழாய்வழி உணவூட்டப்படுபவளின் வினாவை எழுதுவது யார்?