ஜபல்பூரில் ஒரு சக்திமான்

தமிழ்நாட்டிலிருந்து காசி யாத்திரை செல்லும் அன்பர்களில் பலர் ஜபல்பூரைக் கடந்துதான் போகிறார்கள். இடார்ஸியில் கிளை பிரியும் ரயில் சில மணி நேரத்தில் அந்த ஸ்டேஷனில் வந்து நிற்கும். தேநீர் அருந்துவார்கள், கங்கை இன்னும் எவ்வளவு தூரம் என்று விசாரிப்பார்கள், அதற்குள் வண்டி நகர்ந்துவிடும். இறங்கிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. அவர்களும் பேடாகாட்டின் பளிங்குப் பாறைகளைக் கண்டு களித்துவிட்டு, அடுத்த வண்டியைப் பிடிக்கத் திரும்பிவிடுகிறார்கள். பாறைகளை நாமும் பார்த்தோம். ஆனால் நாம் அங்கே போனது பட்டாளத்தார் ஏலத்தில் கழித்துவிட்ட ஒரு பழைய லாரியில். இக்கட்டுரையின் கதாநாயகன் அந்த லாரியேயாகும்.

ஜபல்பூர் நம் தேசத்தின் நடு வயிற்றில் இருக்கும் ஊர். பம்பாயையும் கல்கத்தாவையும் இணைக்கும் இருப்புப்பாதை 1870-ல் இங்கேதான் ஒன்று சேர்ந்தது. பீரங்கி வண்டிகள் செய்வதற்காக வெள்ளைக்காரர்கள் 1904-ல் இங்கே ஒரு பெரிய தொழிற்சாலையை நிறுவினார்கள். ஆயுதக் கிடங்குகளும் பாசறைகளும் பின்னால் வந்தன. ஆனால் பாசறை ஊர் என்றால் பணிந்து கிடந்த ஊர் என்று எண்ணிவிடலாகாது. 1923-ல் கொடிப் போராட்டம் கிளம்பியது இங்கிருந்துதான். 1946 பிப்ரவரி இறுதியில் இங்கிருந்த சமிக்ஞைப் படைச் சிப்பாய்கள் 1,000 பேருக்கு மேல் வெள்ளை அதிகாரிகளின் ஆணையை மறுத்துப் பாசறையை விட்டு வெளியேறினார்கள்.

சுயராஜ்யம் வந்தபின், அந்தப் பீரங்கி வண்டித் தொழிற்சாலைக்கு ஒரு புதுப் பணி கிடைத்தது. அதுவரையில் நம் பட்டாளம் ஏறிச் சென்ற லாரிகளெல்லாம் பிற நாட்டார் வடித்தவை. யுத்த காலத்து மிச்சங்களும் அவற்றில் ஏராளம். நம் தேசத்திலேயே பட்டாள லாரி செய்வது என்று தீர்மானமாயிற்று. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு மந்திரியாயிருந்த காலம் அது. ஜெர்மனியின் ‘மான்’ கம்பெனியிடம் உரிமை பெற்று, 1959-ல் ஜபல்பூரில் முதல் லாரிகள் வெளிவந்தன. சக்திமான் என்று பெயரிட்டார்கள். ருடால்ஃப் டீசல் தம் பெயர் கொண்ட யந்திரத்தை 1897-ல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியது ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில். அத்தொழிற்சாலையின் வழிவந்ததே மேற்படி கம்பெனி. ஆகவே, டீசல் யந்திரம் பிறந்த வீட்டிலிருந்தே நாம் பெண் எடுத்தோம் என்று சொல்லலாம்.

பெண் எடுத்துவிட்டால் போதுமா? குடித்தனம் நடத்த வேண்டாமா? ஜெர்மானிய வரைபடங்கள் மில்லிமீட்டரில் இருந்தன. பீரங்கி வண்டித் தொழிற்சாலையோ அங்குலத்தில் வளர்ந்தது. தசம அளவுகளுக்கான சட்டம் 1956-ல்தான் இயற்றப்பட்டது. நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957-ல். தேசம் முழுவதும் புதுக் கணக்குப் படித்துக்கொண்டிருந்த அதே சமயத்தில், ஜபல்பூர்த் தொழிலாளிகள் அந்தக் கணக்கை இரும்பிலே எழுதிப் பழக வேண்டியிருந்தது. 1969-ல் லாரிகளுக்கென்றே தனித் தொழிற்சாலை ஏற்பட்டது. 1965-லும் 1971-லும் நம் சிப்பாய்கள் எல்லைக்குச் சென்றபோது சக்திமான்களும் உடன் சென்றன. தொண்ணூறுகளின் நடுவில் உற்பத்தி நின்றது. அசோக் லேலண்டின் ஸ்டாலியன் லாரிகள் அவ்விடத்துக்கு வந்தன.

பட்டாளத்தில் ஆயுள் முடிந்த லாரிகள் ஏலத்துக்கு வருகின்றன. பெரும்பாலானவை கண்டதுண்டமாக வெட்டப்பட்டு உருக்குலைக்குப் போகின்றன. சில, மரக்கடைக்காரரிடமும் கிணறு தோண்டுபவரிடமும் சிக்கி இன்னும் சில வருஷம் உழைக்கின்றன. இவற்றினின்றும் தப்பிய ஒரு சக்திமானைக் காணும் வாய்ப்பு, அவ்வூரில் உத்தியோகம் பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவரால் நமக்குக் கிட்டியது.

“சார், பளிங்குப் பாறையை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், அது எங்கும் ஓடிவிடாது. இந்த லாரி அடுத்த வருஷம் இருக்குமோ, இராதோ!” என்று அவர் சொன்னார்.

ஊர்ப்புறத்தில், தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறை. அதன் சொந்தக்காரர் லாரித் தொழிற்சாலையில் ஃபிட்டராயிருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதுக்கு மேல். எல்லோரும் அவரை மிஸ்திரிஜி என்று அழைத்தார்கள். நாமும் அப்படியே அழைத்தோம். நாம் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று தெரிந்ததும் அவர் நம்மை ‘மாஸ்டர்ஜி’ ஆக்கிவிட்டார். ஹிந்தியில் அவர் சொன்னதை நம் மாணவர் தமிழில் சொல்லி உதவினார். மிஸ்திரிஜி ஏலத்தில் இரண்டு லாரிகள் எடுத்தாராம். ஒன்றைப் பிரித்து, அதன் உறுப்புக்களைக்கொண்டு மற்றொன்றை எழுப்பியிருக்கிறார். வேலை பதினோரு மாதம் நடந்தது.

டீசல் யந்திரத்தில் மின்பொறி கிடையாது என்பதை நேயர்கள் அறிவார்கள். சிலிண்டருக்குள் காற்றைப் பலமாக அழுத்தினால் அது கடுஞ்சூடாகிறது. அந்தச் சூட்டில் எண்ணெயை நுண்திவலைகளாகப் பீச்சினால் தானே தீப்பற்றிக்கொள்கிறது. அழுத்தம் இல்லையேல் சூடு இல்லை; சூடு இல்லையேல் ஓட்டம் இல்லை. மிஸ்திரிஜியின் லாரியோ மழையில் பல வருஷம் நின்று, பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருவேறி ஒட்டிப் போயிருந்தது. ஆறு சிலிண்டர்களிலும் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் ஊறவிட்டார். பத்தாம் நாள் நீண்ட கம்பியைக் கொடுத்து யந்திரத்தை மெதுவாக அசைத்தார். ஒரு விரற்கடை அசைந்தது. உடனே பின்னுக்குத் திருப்பி, மறுபடி ஊற்றினார்.

“அவசரக்காரன் ஒரே மூச்சில் தள்ளுவான், மாஸ்டர்ஜி. வளையம் உடையும். துருவோடு சண்டை போடக்கூடாது, அதைச் சமாதானப்படுத்த வேண்டும்” என்றார்.

எண்ணெய்த் தொட்டியின் அடியில் படிந்திருந்த கசடைப் போக்க, உள்ளே ஜல்லியும் டீசலும் போட்டு, இரண்டு பையன்கள் அதைத் தரையில் உருட்டி உருட்டிக் கழுவினார்கள். பிரேக்கின் ரப்பர்கள் அத்தனையும் இறுகி வெடித்திருந்தன, எல்லாம் புதிது. ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் வெண்கலப் புஷ்கள் கடையில் கிடைக்கவில்லை. மிஸ்திரிஜி கடைசல் யந்திரத்தில் தாமே அவற்றைக் கடைந்தார். அளவு எங்கிருந்து வந்தது? எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து. லாரியைப் பிரிக்கும்போது ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, எது தேய்ந்தது, எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பதை ஹிந்தியில் குறித்து வைத்திருக்கிறார். அச்சிட்ட புத்தகத்தில் இல்லாத சங்கதிகள் அதில் இருக்கின்றன. பட்டறைப் பையன்களில் ஒருவன்தான் அதை அவருடைய கையெழுத்தில் தடையின்றிப் படிக்கக்கூடியவனாம்.

மறுநாள் காலை பேடாகாட்டுக்குப் புறப்பட்டோம். எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருந்ததால் முதலில் யந்திரம் கிளம்பவில்லை. திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று சுத்த டீசல் வழியும் வரையில் காற்றை வெளியேற்றினார்கள். பிறகு ஒரு உறுமல். ஒரு பெரும் கரும்புகை. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. சிறிது நேரத்தில் புகை மெலிந்து, உறுமல் ஒரே சீராயிற்று. மிஸ்திரிஜி தலையைச் சாய்த்து, ஆறு சிலிண்டர்களும் பேசுகின்றனவா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பட்டறைக்குப் பின்னாலிருந்த வேலியடைத்த மைதானத்தில் ஒரு பர்லாங்கு தூரம் ஓட்டிப் பார்க்க நமக்கும் அனுமதி கிடைத்தது. கார் ஓட்டிப் பழகிய கால் கிளச்சின்மேல் பட்டதும் அது வேறு ஜாதி என்று தெரிந்துவிடுகிறது. முழங்காலல்ல, இடுப்பே அதை அழுத்துகிறது. கியர் மாற்ற, கிளச்சை ஒரு முறை மிதித்து நடுநிலைக்குக் கொண்டுவந்து, விட்டு, மறுமுறை மிதிக்க வேண்டும். பல் தேய்ந்த பெட்டிக்கு அந்த மரியாதை வேண்டியிருக்கிறது. நீண்ட மூக்குக்கு அப்பால் பூமி வெகு தூரத்தில் தெரிகிறது. திரும்பும்போது தோள் இரண்டும் வேலை செய்கின்றன. முன் சக்கரங்களுக்கும் விசை கொடுக்கும் நெம்புகோலை மட்டும் தொடவேண்டாமென்று மிஸ்திரிஜி எச்சரித்தார். அது சேற்றுக்கும் மணலுக்கும் உரியது. கட்டாந்தரையில் சக்கரங்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு அச்சுக்குக் கேடு செய்யுமாம்.

சாலையில் அவரே ஓட்டினார். பேடாகாட்டுக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வழியில் தேவர் என்ற கிராமம் வருகிறது. காலசூரி மன்னர்களின் தலைநகரான திரிபுரி அதுதான். 1939 மார்ச்சில் இதன் அருகேதான் காங்கிரஸ் மகாசபை கூடியது. பட்டாபி சீதாராமய்யாவைத் தேர்தலில் வென்று மீண்டும் தலைவரான சுபாஷ் சந்திர போஸ் கடும் ஜுரத்தோடு இங்கே கொண்டுவரப்பட்டார். அவருடைய தலைமையுரையைச் சகோதரர் சரத் போஸ் படித்தார். அவ்விடத்தில் லாரியைச் சிறிது நிறுத்தினோம். சாலையோரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்து, லாரியின் மூக்கைத் தட்டிக் கொடுத்தார். லடாக்கில் இதைத்தான் ஓட்டினாராம். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நம்மிடம் டீக்குக் காசும் வாங்க விடவில்லை.

பேடாகாட்டில் நர்மதை, சுமார் 100 அடி உயரமுள்ள வெண்பளிங்குச் சுவர்களுக்கு நடுவே அமைதியாகச் செல்கிறாள். சற்று மேலே அவளே தலைகுப்புற விழுந்து, நீர்த்துளிகளைப் புகையாக எழுப்புகிறாள். ‘துவாந்தார்’ என்றால் புகைத் தாரை என்று பொருள். லாரிக்கும் அந்தப் பெயர் பொருந்துமென்று பையன்கள் சிரித்தார்கள். மிஸ்திரிஜி மட்டும் சிரிக்கவில்லை.

காரணம் பிறகு தெரிந்தது. லாரி பட்டாளம் கொடுத்த விற்பனைச் சான்றிதழின் பேரில் சரக்கு வண்டியாகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்கவேண்டும். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிறது. அடுத்த பரிசோதனையில் தேறாவிட்டால் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அவருடைய மகன். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஓடினால் டீசல் செலவு, நின்றால் இடச் செலவு.

பழைய வாகனங்களைப் பாதுகாக்க 2021-ல் மத்திய சர்க்கார் விதிகள் செய்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்டவற்றுக்குத் தனிப் பதிவு உண்டு. தினசரி உபயோகத்துக்கு ஓட்டலாகாது, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம். நல்ல விதிதான். ஆனால் அது இரு சக்கர வண்டிகளுக்கும் சொந்தக் கார்களுக்கும் மட்டுமே உரியது. மகாராஜாக்கள் வேட்டைக்குப் போன சீமைக் காருக்கு அதில் இடமிருக்கிறது. நம் சிப்பாய் எல்லைக்குப் போன சுதேசி லாரிக்கு இடமில்லை. முதல் சக்திமான்களுக்கு 2009-லேயே 50 வயது நிறைந்துவிட்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

புகை கக்கும் பழைய லாரிகளெல்லாம் சாலையில் ஓடட்டும் என்று நாம் வாதிக்கவில்லை. ஊரார் சுவாசிக்கும் காற்று பெரிது. நாம் கேட்பது இரண்டே காரியம். விதியில் லாரிக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஏலத்துக்கு வரும் பட்டாள வண்டிகளில் சிலவற்றையாவது தொழிற்பயிற்சிப் பள்ளிகளுக்குக் கொடுக்க வேண்டும். கணினி இல்லாத யந்திரத்தில் ஒரு மாணவன் எதையும் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, அளந்து கற்கலாம். வேறு தேசத்து வரைபடத்தை வாங்கி அதை நம்முடையதாக்கிக்கொண்டது ஜபல்பூர்த் தொழிலாளிகளின் கைகள். அந்தக் கைகளில் பல இப்போது நடுங்கத் தொடங்கிவிட்டன. அந்த ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிரதி எடுக்க நம் மாணவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்றதைச் செய்ய வேண்டியவர்கள் தில்லியில் இருக்கிறார்கள்.