மாலை முந்தும் தீவுகள்

அந்தமான் என்றதும் நம்மவர் உள்ளத்தில் முதலில் தோன்றுவது சிறைக்கூடம். அடுத்துத் தோன்றுவது கடல். அங்குச் சில திங்கள் தங்கியவர்களைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்கள். அது மாலைப்பொழுது.

கார்த்திகைத் தொடக்கத்தில் நாம் அத்தீவுகளுக்குச் சென்றிருந்தோம். நெடுங்காலம் போர்ட் பிளேயர் என வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற தலைநகரில் தங்கினோம். முதல் நாள் அபர்தீன் கடைத்தெருவில் நடந்துகொண்டிருக்கையிலேயே கடைகளில் விளக்கெரியத் தொடங்கியது. மணி ஐந்தேகால்தான். நம் ஊரில் அந்நேரம் சுவரில் வெயில் இருக்கும். பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

காரணம் எளிது. இந்தியா முழுமைக்கும் கடிகாரம் ஒன்றே. அது கிழக்கு நெட்டாங்கு 82½ பாகையை ஒட்டி ஓடுவது. இந்நகரமோ 92½ பாகைக்கும் சற்று அப்பால் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால், கதிரவன் நாற்பது நிமிடம் முந்திவிடுகிறான். சென்னையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஐம்பது நிமிடம். நவம்பர் நடுவில் ஐந்து மணி அடிக்குமுன்பே பகல் முடிந்துவிடுகிறது. இதனோடு மழையும் சேர்ந்துகொள்ளும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் இடம் அது. வங்கக் கடலில் புயற்சின்னம் எழுந்தால், தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களும் நின்றுவிடும்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அத்தீவுகளின் மக்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். ஹாடோ பகுதியில் அத்தகைய ஒரு குடும்பத்தைக் கண்டோம். பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்த இளம்பெண். கணவர் லிட்டில் அந்தமானில் சாலை வேலையிலிருந்தார். மூன்று நாளாகக் கப்பல் இல்லை. “பகலிலே ஒரு குறையும் தெரிவதில்லை, அண்ணா. விளக்கு ஏற்றின பிறகுதான் ஒன்றுமே பிடிக்காமல் போகிறது. எத்தனை தடவைதான் கடிகாரத்தைப் பார்ப்பது?” என்றார். தமக்கென்று இரவில் உலை வைப்பதையே அவர் விட்டிருந்தார். விடியற்காலையில்தான் கண் அயர்வதாகவும், எழுந்திருக்க ஏழரை மணி ஆவதாகவும் சொன்னார்.

நெய்தல் நிலத்துக்குப் பகல் சாயும் எற்பாட்டையும், உரிப்பொருளாக இரங்கலையும் வகுத்த நம் முன்னோர் மனித மனத்தை நன்கு அறிந்தவர்களே. கடற்கரையும் மாலையும் பிரிவும் ஒன்று கூடினால் நெஞ்சு தளர்வது இயல்பு. அதற்காக அப்பெண்ணை யாரும் கோழை என்று சொல்ல வேண்டுவதில்லை.

குளிர்நாடுகளில் வாழும் நம்மவர்க்கு இத்தளர்ச்சி இன்னும் கடுமையாக வரக்கூடும். நார்வேயின் டிராம்சோ நகரில் நவம்பர் இறுதி முதல் சனவரி நடுவரை கதிரவன் எழுவதே இல்லை. பருவத்தோடு வந்து போகும் இத்தகைய மனச்சோர்வை 1984இல் நார்மன் ரோசன்தால் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு நோயாக விளக்கி எழுதினர். காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் ஒளிதரும் விளக்கின்முன் அமர்வது அதற்குரிய சிகிச்சைகளுள் ஒன்று. மருத்துவரைக் கேட்டே அதனைத் தொடங்க வேண்டும்.

அந்தமானுக்கு அவ்விளக்கு வேண்டியதில்லை என்பது நம் கருத்து. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றேகால் மணி அளவுதான். மாலையில் குறைந்த வெளிச்சம் காலையில் காத்துக்கிடக்கிறது. நவம்பர் நடுவில் ஐந்தேகாலுக்கெல்லாம் பொழுது புலர்ந்துவிடும். ஏழரைக்கு எழுபவர் இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பகலைத் தூங்கியே கழித்துவிடுகிறார். இருட்டுக்கோ முழுவதும் விழித்திருக்கிறார்! காலை ஒளி கண்ணில் படுவது உடலின் உள்கடிகாரத்தைச் சீராக்கி, இரவுத் தூக்கத்தையும் உரிய நேரத்தில் வரச்செய்யும். மழை மூடிய வானத்தின் வெளிச்சமும் வீட்டு விளக்கைவிடப் பன்மடங்கு வலிது.

அடுத்த வீட்டு அம்மாளிடம் இதைச் சொன்னோம். நாற்பது ஆண்டு அங்கே வாழ்ந்தவர் அவர். “கடிகாரத்தைப் பார்த்தால் இந்த ஊரில் குடியிருக்க முடியுமா? கோழியைப் பார்த்து எழுந்திரு என்று அப்போதே சொன்னேன்” என்றார். மறுநாள் முதல் விடியலில் அப்பெண்ணையும் அழைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடக்கத் தொடங்கினார். மாலை ஐந்து மணிக்கு நான்கு வீட்டுப் பெண்கள் ஒரு திண்ணையில் கூடி, காய் நறுக்குவதையும் பிள்ளைகளின் பாடத்தையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நாம் கண்ட மருந்துகளில் இதுவே மேலானது.

எனினும் சோர்வு இரண்டு வாரத்துக்கு மேலும் நீங்காமல், உணவும் உறக்கமும் கெட்டு, எதிலும் விருப்பமற்றுப் போனால் திண்ணைப் பேச்சு மட்டும் போதாது. மருத்துவரிடம் செல்ல வேண்டும். உயிரை வெறுக்கும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசி உதவிக்கு எண் 14416. இரவும் பகலும் அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம்.

லிட்டில் அந்தமான் கப்பல் ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது. அன்று மாலை அப்பெண்ணின் வீட்டில் உலை கொதித்தது. நமக்கும் ஓர் இலை போட்டார்கள்.