குண்டு பல்பும் கோடு போட்ட நோட்டும்

பொட்டி தட்டுற வேலையில இருக்கறவனுக்கு ஒரு வியாதி உண்டுங்க. எதையும் ஆஃப் பண்ணி வச்சா அப்படியே இருக்கும், மறுபடி ஆன் பண்ணா விட்ட இடத்துலேர்ந்து ஓடும்னு நினைச்சுக்குவான். எனக்கு அந்த வியாதி தெளிஞ்ச கதை இது. கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய கதையும் கூட.

எங்க சித்தப்பாவுக்கு திருமழிசை சிட்கோ எஸ்டேட்ல சின்னதா ஒரு ஷெட். தொழில், ஊறுகாய் பாக்கெட் போடுறது. காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ல தட்டு ஓரத்துல ஒண்ணு வைப்பாங்களே, அந்தக் குட்டி பாக்கெட். இருக்கறது ஒரே ஒரு மெஷின், அதுவும் செகண்ட் ஹேண்டு. மேலேர்ந்து பிலிம் இறங்கி குழாயா மடியும், சூடான தாடை கவ்வி அடியை ஒட்டும், பிஸ்டன் ஊறுகாயைத் தள்ளும், மறுபடி பிலிம் இறங்கும், தாடை கவ்வும், கத்தி வெட்டும். இவ்வளவு தான். இதை பதினஞ்சு வருஷமா ஓட்டுறவர் ஒரு அண்ணன். சித்தப்பாவை விட வயசுல மூத்தவர், நான் சின்ன வயசுலேர்ந்தே 'அண்ணே'ன்னு கூப்பிட்டுப் பழகிட்டேன். படிப்பு எட்டாவது.

2020 மார்ச்ல காலேஜ் எல்லாம் மூடினாங்க. அப்புறம் 25ஆம் தேதி நாடே மூடிடுச்சு. ஹாஸ்டல் இல்லன்னா ஊறுகாய்க்கு என்ன வேலை? வாடகை கட்ட வழியில்லாம, கெடுபிடி கொஞ்சம் தளர்ந்ததும் ஷெட்டோட முன் பாதியை ஒருத்தருக்கு குடோனா உள்வாடகைக்கு விட்டார் சித்தப்பா. மெஷினைப் பின்பக்க மூலைக்குத் தள்ளணும். வீட்டுலேர்ந்தே வேலை பார்த்துட்டு இருந்த என்னையும் ஒத்தாசைக்குக் கூப்பிட்டார். "நீ ஈ.சி.ஈ. படிச்சவன்டா, பக்கத்துல இரு."

போனேன். படிச்சவன் இல்லையா, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கலை.

கடைசியா ஓட்டின அன்னிக்கே அண்ணன் பிஸ்டனையும் ஹாப்பரையும் தனித்தனியா கழட்டி வெந்நீர்ல கழுவி, துடைச்சு, காய வச்சு, ஃபுட் கிரேடு எண்ணெய் தடவி வச்சிருந்தார். எவர்சில்வர் தானே, எதுக்கு இவ்வளவுன்னு கேட்டேன். "உப்பு தம்பி. எவர்சில்வரையும் புள்ளி புள்ளியா தின்னுடும்" என்றார். உண்மை தான். உப்புல இருக்கற குளோரைடு பட்டா, சாதாரணமா புழங்குற 304 ரக ஸ்டீல்லயும் குழி விழும்.

மூலைக்குத் தள்ளின பிறகு அவர் மூணு விஷயம் கேட்டார். ஒண்ணு, மெஷின் மேல பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், காட்டன் துணி போடலாம். ரெண்டு, கன்ட்ரோல் பேனலுக்குள்ள ஒரு 40 வாட்ஸ் குண்டு பல்பு எப்பவும் எரியும், அது எரியட்டும். மூணு, மெயினை ஆஃப் பண்ண வேண்டாம், வாரம் ஒருநாள் வந்து அரை மணி நேரம் சும்மா ஓட்டிட்டுப் போறேன், சம்பளம் எல்லாம் வேண்டாம்.

அப்படியே போற போக்குல இன்னொண்ணும் சொன்னார். "பேனல்ல ஒரு சின்ன செகப்பு லைட்டு எரியுது தம்பி. முன்ன எரியாது."

நான் எட்டிப் பார்த்தேன். "அது ஒண்ணும் இல்லண்ணே"ன்னு சொன்னேன். கரண்ட் பில் மிச்சம்னு சித்தப்பாகிட்ட சொல்லி பல்பைக் கழட்டினேன். மெயினை இறக்கினேன். பெரிய பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி, காத்து புகாம சுத்தி டேப்பும் ஒட்டினேன். ரொம்ப நேர்த்தியா இருந்துச்சு, போட்டோ எல்லாம் எடுத்தேன்.

அந்த சமயம் கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டை தற்காலிகமா திருமழிசைக்கு மாத்தியிருந்தாங்க. அண்ணன் அங்க மூட்டை தூக்கப் போனார். மார்க்கெட் திரும்பிப் போனதும் ஒரு கம்பெனியில ராத்திரி வாட்ச்மேன் வேலை. நவம்பர்ல நிவர் புயல் மழை. ஷெட்டுக்குள்ள தண்ணி வரலை, ஆனா சுவரெல்லாம் ஓதம்.

2021 செப்டம்பர் 1ஆம் தேதி காலேஜ் திறந்தாங்க. பழைய மெஸ்காரர் ஒருத்தர் ஆர்டர் கொடுத்தார். வாட்ச்மேன் வேலையை விட்டுட்டு அண்ணன் வந்தார். நான் டேப்பைக் கிழிச்சு ஷீட்டை எடுத்தேன்.

உள்பக்கம் முத்து முத்தா தண்ணி. பகல்ல ஷெட்டு சூடாகுது, ராத்திரி குளிருது. உள்ள மாட்டின ஈரம் வெளிய போக வழியில்லாம இரும்பு மேலேயே படியுது. செயின், கைடு ராடு எல்லாம் செம்பழுப்பு. தளர்த்தி விடாம விட்டதால ரப்பர் பெல்ட் புல்லி வளைவுலயே இறுகி வெடிப்பு விட்டிருந்துச்சு. ரெண்டு ஒயரை எலி கடிச்சிருந்துச்சு. பேனலுக்குள்ள கான்டாக்டர்ல பச்சைப் பூஞ்சணம் மாதிரி களிம்பு. பிஸ்டன் மட்டும் பளபளன்னு அப்படியே இருந்துச்சு. அது அண்ணன் வச்சது.

நான் மெயின்ல கை வைக்கப் போனேன். "இரு தம்பி" என்று தடுத்துட்டார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெகர் வச்சுப் பார்த்தா, மோட்டார் காயில்ல ஈரம் ஏறி இன்சுலேஷன் அடியில கிடக்குது. அப்படியே கரண்ட் கொடுத்திருந்தா மோட்டார் போயிருக்கும். பக்கத்துல பல்பு எரிய விட்டு ரெண்டு நாள் காய வச்சோம். ரீடிங் ஏறின பிறகு தான் மெயின்.

மெயின் போட்டா மெஷின் நகரலை. பி.எல்.சி.யில ப்ரோக்ராமே இல்லை!

அந்தச் சின்ன செகப்பு லைட்டு என்னன்னு அப்போ தான் புரிஞ்சுது. அது பேட்டரி லைட்டு. அந்த மாதிரி பழைய பி.எல்.சி.ல ப்ரோக்ராம் ராம்ல இருக்கும். மெயின் இருக்கற வரை பிரச்சினை இல்லை, மெயின் போனா உள்ள இருக்கற சின்ன லித்தியம் பேட்டரி தான் அதைக் காப்பாத்தும். சாகக் கிடந்த பேட்டரியை நம்பி, பதினாறு மாசம் மெயினை இறக்கி வச்ச புண்ணியவான் நானு. சில நூறு ரூபா பேட்டரி.

பேக்கப்? மெஷினை வித்த ஆளு எப்பவோ கடையை மூடிட்டுப் போயிட்டார். தினமும் ஆபீஸ்ல கோடை ஒண்ணுக்கு ரெண்டு இடத்துல சேமிச்சு வைக்கிற எனக்கு, அந்த மெஷினுக்குள்ளயும் கோடு இருக்குன்னு தோணவே இல்லை பாருங்க.

சித்தப்பா ஒண்ணும் சொல்லலை. ஸ்டூல்ல உக்காந்துட்டார். கையில ஒரே ஒரு ஆர்டர், வாடகை பாக்கி. அவர் திட்டியிருந்தா தேவலை.

அண்ணன் தன்னோட பெட்டியைத் திறந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தார். பதினஞ்சு வருஷ கணக்கு. எந்த பிலிமுக்கு எவ்வளவு சூடு, பாக்கெட் நீளம், எந்த டைமர்ல என்ன எண்ணு, மழைக்காலத்துல என்ன மாத்தணும், எல்லாம் குண்டு குண்டு எழுத்துல. வெளியாள் ஒருத்தரை வச்சு ப்ரோக்ராமைப் புதுசா எழுத வச்சோம், நான் பக்கத்துல உக்காந்தேன். எண்ணு நோட்டுல இருக்கு, ஆனா எது முன்னாடி எது பின்னாடி? அண்ணன் கையாலேயே நடிச்சுக் காட்டினார். ரெண்டு உள்ளங்கையும் தாடை. "டக்... உஸ்ஸ்... இங்க ஒரு மூச்சு நிக்கும்... டக்." அந்த 'ஒரு மூச்சு' நோட்டுல 300 மில்லி செகண்டுன்னு இருந்துச்சு.

மூணு வாரம் ஆச்சு. மெஸ்காரர் நல்லவேளை காத்திருந்தார்.

இப்போ ஒவ்வொரு மே மாச லீவுக்கும் மெஷினை நிறுத்தும்போது அண்ணன் சொல்றதைத் தான் செய்யுறோம். ஊறுகாய் படுற பாகத்தை அன்னிக்கே கழுவிக் காய வைக்கணும். பெல்ட்டைத் தளர்த்தணும். கம்ப்ரசர் டேங்க்ல தேங்கின தண்ணியைத் திறந்து விடணும். ஒயர் நுழையிற ஓட்டையை எலி வராம ஸ்டீல் கம்பி நார் வச்சு அடைக்கணும். பிலிம் ரோலைத் தரையிலயும் சுவர்லயும் படாம மரப்பலகை மேல வைக்கணும். துணி தான் போர்த்தணும். வாரம் ஒருநாள் ஓட்டணும். ப்ரோக்ராம் மூணு இடத்துல இருக்கு. நோட்டை ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன்.

ப்ரோக்ராம் ஓடின அன்னிக்கு சாயங்காலம் அண்ணன்கிட்ட போய், "எல்லாம் என்னால தான்ணே, மன்னிச்சுக்குங்க"ன்னு சொன்னேன். பேனலுக்கு நானே கடைக்குப் போய் வாங்கின பல்பையும் நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தவர் சிரிச்சுட்டார்.

"இது எல்.இ.டி. பல்பு தம்பி. சூடே வராதே!"

மறுபடி கடைக்குப் போனேன் :-)