பேர் பெற்ற வேலையா? பேர் எடுக்கும் வேலையா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டு வந்தபோது, "விளையாட்டைப் பத்தி எழுதட்டுமா?" என்றேன். "எழுது, ஆனா கிரிக்கெட் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே ஆறு கட்டுரை வந்து கிடக்கு" என்றார்கள். அதனால் நம் பாலிடெக்னிக்கில் யாருமே ஆடாத, நானும் வாழ்நாளில் தொட்டுப் பார்க்காத ஒரு விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்!

எல்லாம் ஒரு சிவப்பு டி-ஷர்ட்டில் ஆரம்பித்தது. என் ரூம்மேட்டின் அக்கா கல்யாணமாகி அமெரிக்காவில் இருக்கிறார். நெப்ராஸ்கா மாநிலம், ஒமாஹா என்ற ஊர். பொங்கலுக்கு வந்தவர் தம்பிக்கு ஒரு டி-ஷர்ட் கொண்டுவந்தார். நெஞ்சில் பெரிதாக 'என்' என்று ஒரே ஒரு எழுத்து. மெஸ்ஸில் எல்லாரும் அவனை ஓட்டினோம். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்த எழுத்துக்குப் பின்னாடி என்ன கதை இருக்குன்னு தெரியுமாடா உங்களுக்கு?" என்று ராத்திரி முழுக்கச் சொன்னான். பாதி அக்கா சொன்னது, பாதி அவன் போனில் பார்த்தது. மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்த வாரம்தான் கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து என் டிரங்குப் பெட்டியில் இரண்டு வேலைக் கடிதங்கள் இருந்தன. அதற்குப் பிறகு வருகிறேன்.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம்ம கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். எதிரணிக்காரர்கள் லாரி மாதிரி வந்து மோதுவார்கள். தலையில் ஹெல்மெட் உண்டு. காலுக்கு அதிகம் வேலையில்லாத ஆட்டத்துக்கு ஏன் அந்தப் பேர் வைத்தார்களோ! இதில் காலேஜ் அணிகளுக்குத் தனி மவுசு. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களிலேயே அதிகச் சம்பளம் காலேஜ் கோச்சுக்குத்தான். கவர்னருக்கு இல்லை, பிரின்சிபாலுக்கும் இல்லை!

நெப்ராஸ்காவின் மொத்த ஜனத்தொகை சுமார் 20 லட்சம், நம் கோவை மாவட்டத்தைவிடக் குறைவு. லிங்கன் நகரில் உள்ள அவர்களுடைய பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 85 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். மேட்ச் நடக்கிற சனிக்கிழமையில் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊரே அந்த ஸ்டேடியம்தான் என்பார்கள். 1962-இலிருந்து அங்கே டிக்கெட் விற்காமல் நின்றுபோன மேட்சே இல்லை.

அந்த 1962-இல்தான் பாப் டெவானி என்ற கோச் வந்தார். 1970, 1971 இரண்டு வருஷமும் தேசிய சாம்பியன். அவருக்குப் பின் டாம் ஆஸ்பர்ன். 1973 முதல் 1997 வரை 25 சீசன், 255 வெற்றி. ஒரு சீசனில்கூட 9 வெற்றிக்குக் கீழே போகவில்லை! 1994, 1995, 1997 என்று மூன்று தடவை சாம்பியன். அந்த 1997 அணியில் குவார்ட்டர்பேக், அதாவது அணியை நடத்துகிற ஆட்டக்காரன், ஸ்காட் ஃபிராஸ்ட். வுட் ரிவர் என்ற சின்ன ஊர்ப் பையன், அசல் நெப்ராஸ்காக்காரன். அப்பா அம்மா இரண்டு பேருமே கோச்.

ஆஸ்பர்ன் போன பிறகு கதை மாறியது. 2003-இல் 9 வெற்றி, 3 தோல்வி என்று இருந்த கோச்சை அனுப்பினார்கள். 2014-இலும் அதே 9-3, அதே மாதிரி வேறொருவரை அனுப்பினார்கள். பழைய பேருக்கு 9 போதவில்லையாம். தொண்ணூறு மார்க் எடுத்தவனை 'உங்க அண்ணன் நூறு எடுத்தான்' என்று அடிக்கிற மாதிரி! அடித்து அடித்து 2017-இல் 4 வெற்றி, 8 தோல்வி என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அதே 2017-இல் நாட்டின் இன்னொரு மூலையில், ஃபிளாரிடாவின் ஒர்லாண்டோ நகரில் வேறொரு கதை. சென்ட்ரல் ஃபிளாரிடா பல்கலைக்கழகம், சுருக்கமாக யு.சி.எஃப். நம்மவர்களுக்கு இது பிடிக்கும், ஏனென்றால் அது தொடங்கியபோது அதன் பேரே 'ஃபிளாரிடா டெக்னாலஜிகல் யுனிவர்சிட்டி'. பக்கத்தில் இருக்கிற கென்னடி விண்வெளி மையத்துக்கு ஆள் தயார் பண்ணத் தொடங்கியது. ஃபுட்பால் அணி வந்ததே 1979-இல்தான். பரம்பரை, பாரம்பரியம் ஒன்றும் கிடையாது. 2015-இல் 12 மேட்ச் ஆடி 12-இலும் தோல்வி. அந்த அணிக்குத்தான் ஃபிராஸ்ட் முதல்முதலாகத் தலைமைக் கோச்சாகப் போனார். 2016-இல் 6 வெற்றி, 7 தோல்வி. 2017-இல் 13-க்கு 13! சின்ன வயதிலேயே இடது கையை இழந்த ஷகீம் கிரிஃபின் என்ற வீரர் அந்த அணியில் இருந்தார் என்பதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. கடைசி மேட்சில், 2018 ஜனவரி 1 அன்று, ஆபர்ன் அணியை 34-27 என்று வீழ்த்தினார்கள். அந்த சீசனில் அலபாமாவையும் ஜார்ஜியாவையும் தோற்கடித்த அணி ஆபர்ன். ஆனால் இறுதிப் போட்டியில் ஆடியது யார்? அதே அலபாமாவும் ஜார்ஜியாவும்! தோல்வியே காணாத யு.சி.எஃப்-க்கு முதல் நான்கு இடத்துக்குள் இடமில்லை. தேர்வுக் குழு அவர்களை 12-ஆம் இடத்தில்தான் வைத்தது. 'நீங்கள் மோதியவர்கள் சின்ன அணிகள்' என்பது காரணம். பேர் இல்லாதவனுக்கு ஜெயிப்பதுகூடப் போதாது, நண்பர்களே. இது ஃபுட்பாலுக்கு மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது.

ஃபிராஸ்ட்டுக்கு நெப்ராஸ்காவிலிருந்து அழைப்பு வந்தது. 7 வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு 50 லட்சம் டாலர். இந்தப் பக்கம் தான் கட்டி எழுப்பிய, தோல்வியே இல்லாத அணி. அந்தப் பக்கம் எட்டு தோல்வியோடு நிற்கிற சொந்த ஊர். அவர் ஊருக்குப் போனார். 2017 டிசம்பர் 2-இல் அறிவிப்பு வந்தபோது மாநிலமே கொண்டாடியது.

2018-இல் முதல் 6 மேட்சும் தோல்வி. 2021-இல் 3 வெற்றி, 9 தோல்வி. வேடிக்கை என்னவென்றால் அந்த ஒன்பதில் ஒன்றுகூட 9 புள்ளிக்கு மேல் வித்தியாசமில்லை. 89 மார்க்கில் அரியர் வைத்த வேதனை! மொத்தம் 16 வெற்றி, 31 தோல்வி. 2022 செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்டோபர் 1 வரை காத்திருந்தால் கொடுக்க வேண்டிய நஷ்டஈடு பாதியாகியிருக்கும். அதற்குக்கூடப் பொறுமையில்லாமல் ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்து அனுப்பினார்கள். சொந்த ஊர்ப் பிள்ளையை!

"பாத்தியா, பேருக்குப் போனான், பேரையும் கெடுத்துக்கிட்டான்" என்றான் ரூம்மேட்.

"அப்ப அலபாமா?" என்றேன். அலபாமாவும் பழைய பேர்தான். 1992-க்குப் பிறகு வாடிக்கிடந்தது. 2007-இல் நிக் சேபன் போனார், 2009-க்கும் 2020-க்கும் நடுவில் ஆறு தடவை சாம்பியன் ஆக்கினார். பழைய பேர் எல்லாம் பொய் என்றால் இது எப்படி?

இந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் ரெக்கார்டு நோட்டைக்கூட எழுதாமல் ஒரு வாரம் மண்டையை உடைத்தோம். கடைசியில் எனக்குத் தோன்றியது இது. நெப்ராஸ்காவுக்குப் பேர் எப்படி வந்தது? உடற்பயிற்சிக்கென்றே சம்பளம் கொடுத்துத் தனியாக ஆள் வைத்தவர்களில் அவர்கள் முன்னோடி, 1969-இலேயே. அன்றைக்கு மற்ற காலேஜ்களில் அது இல்லை. இன்றைக்கு எல்லாரிடமும் இருக்கிறது. அப்போது டி.வி.யில் வாரத்துக்குச் சில மேட்ச்தான் வரும். டி.வி.யில் தெரிய வேண்டும் என்றால் பெரிய பேருள்ள காலேஜுக்குத்தான் போகணும். 1984-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து அந்தக் கட்டுப்பாடு உடைந்தது. அப்புறம் மெல்ல மெல்ல எல்லா அணியும் டி.வி.யில் வர ஆரம்பித்தது. நெப்ராஸ்காவில் ஆட்டக்காரர்கள் நிறையப் பிறப்பதில்லை, டெக்ஸஸ் மாதிரி இடங்களிலிருந்து அழைத்துவரணும். 2011-இல் பழைய லீக்கை விட்டு வடக்கே வேறு லீக்குக்கு மாறியதும் டெக்ஸஸ் தொடர்பும் தேய்ந்தது. ஆக, பேர் அப்படியே இருக்கிறது. பேரை உண்டாக்கியது மட்டும் போய்விட்டது. அலபாமாவில் அப்படி இல்லை. அந்த வட்டாரத்தில் ஆட்டக்காரர்கள் விளைகிறார்கள். அடுப்பு அணையவில்லை, ஊதுவதற்குத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

இப்போது என் டிரங்குப் பெட்டிக்கு வருகிறேன்.

முதல் கடிதம் எங்கள் பகுதியிலேயே பெரிய, பழைய கம்பெனி. பேர் வேண்டாம். என் அப்பா அந்தக் கம்பெனி கேட்டில் கான்ட்ராக்ட் லோடுமேனாக 22 வருஷம் மூட்டை தூக்கியவர். சாயங்காலம் வெளியே வரும்போது செக்யூரிட்டி தூக்குப்போசியைத் திறந்து பார்த்துத்தான் விடுவார். அந்தக் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நின்று, நான் கழுத்தில் கார்டு மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். அப்பாவுக்கு வேறு ஆசையே கிடையாது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு தாண்டியது நான்தான் முதல். நானே ஒன்றும் யோக்கியன் இல்லை. அந்தக் கார்டை நினைத்துக் கண்ணாடி முன்னால் நின்றவன்தான்.

இரண்டாவது, கணபதி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். ஆரம்பித்து ஆறு வருஷம், மொத்தம் 32 பேர். வால்வு பாகங்கள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். சம்பளம் அதைவிட ஆயிரம் குறைவு. பஸ் கிடையாது, கேன்டீன் கிடையாது. மூன்றாம் மாதத்திலிருந்து சி.என்.சி.யில் நானே புரோகிராம் போடலாம் என்றார்கள்.

பெரிய கம்பெனிக்குப் பேர் எப்படி வந்தது என்று எங்கள் ஒர்க்‌ஷாப் சாரிடம் கேட்டேன். அவரே அங்கே படித்தவர். முன்பு கம்பெனிக்கு உள்ளேயே ஒரு பயிற்சிப் பள்ளி இருந்ததாம். அரம் பிடிப்பதில் தொடங்கி மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்து, முடித்தவனை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்களாம். "அதை மூடி வருஷம் பத்துக்கு மேல ஆச்சுப்பா. இப்ப ஒரு வருஷம் டிரெய்னி, அப்புறம் சர்டிஃபிகேட் குடுத்து அனுப்பிருவாங்க. அடுத்த பேட்ச் வந்துரும்." போன வருஷம் போன நம் சீனியர் ஒருவரிடமும் விசாரித்தேன். ஒரு வருஷம் முழுக்க பேக்கிங் பிரிவில் இருந்தாராம்.

வீட்டில் சொன்னேன். "அப்பா, அது ஒரு வருஷத்துக்குத்தானுங்க."

"உள்ள போயிட்டீன்னா அப்புறம் பாத்துக்கலாஞ் சாமி. பேரு இருக்குதல்ல!"

"பேரு இருக்குதுங்க. வேலைதான் இல்லீங்க."

அப்பா அதற்கப்புறம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஃபிராஸ்ட்டைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வராமல் போனது அந்த மூன்று நாளில்தான். யாரோ முன்பின் தெரியாதவன் கூப்பிட்டால் லாப நஷ்டம் பார்க்கலாம். வீடு கூப்பிட்டால் எப்படிப் பார்ப்பது? அவர் கணக்குத் தெரியாமல் போனவர் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதற்காக, இருக்கிற இடத்திலேயே இருந்தால் நல்லது என்று சொல்லவும் முடியவில்லை. டி.சி.யு. என்ற காலேஜில் கேரி பேட்டர்சன் இருபது வருஷம் அசையாமல் இருந்தார். 2016-இல் அவருக்குச் சிலையே வைத்தார்கள். 2021-இல் சீசன் பாதியில் வெளியே வந்தார், சிலை மட்டும் நின்றது. யு.சி.எஃப். என்ன ஆனது? ஃபிராஸ்ட் போன பிறகும் ஜெயித்தது, அவர் காலத்து 13-ஐயும் சேர்த்துத் தொடர்ந்து 25 மேட்ச். அப்படியானால் அந்த வெற்றி யாருடையது? ரூம்மேட்டும் நானும் இதில் இன்னும் சண்டைதான். 2024 டிசம்பரில் ஃபிராஸ்ட் மறுபடியும் யு.சி.எஃப்-க்கே வந்துவிட்டார். 2025 கோடையில், நெப்ராஸ்கா தனக்குத் தப்பான வேலை என்ற பொருளில் பேசிவைத்தார். சிவப்பு டி-ஷர்ட்காரர்களுக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். அந்த சீசனில் யு.சி.எஃப்-க்கு 5 வெற்றி, 7 தோல்வி. திரும்பிப் போனால் போன இடமும் பழையபடி இருப்பதில்லை போலிருக்கிறது.

நான் கணபதி ஒர்க்‌ஷாப்புக்கு சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டேன். ஜூன் மாதம் சேரணும். 32 பேர் கம்பெனி, நாளைக்கே ஆர்டர் நின்றால் என்ன ஆகும் என்ற பயம் ராத்திரியில் வருகிறது. வராமல் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா, "அந்தக் கம்பெனி எங்கீனு காட்டு" என்றார். டவுன் பஸ்ஸில் கூட்டிப் போனேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது, உள்ளே ஒரு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பழக்கத்தில் ரோட்டு ஓரமாகவே நின்றுகொண்டார். உள்ளேயிருந்து ஓனர் பார்த்துவிட்டு, "ஏனுங்க வெளியவே நிக்கறீங்க, உள்ள வாங்க" என்றார். அப்பா செருப்பைக் கழற்றப் போனார். "போட்டுட்டே வாங்க, கீழ பூரா சுருள்" என்றார் ஓனர். அப்பா மிஷினைச் சுற்றி வந்து கண்ணாடி வழியாக ரொம்ப நேரம் பார்த்தார். டீ குடித்தோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "வெளிய போர்டே இல்லியேடா" என்றார்.

"வைப்பாங்க, அப்பா."

"வெச்சா சொல்லு" என்றார்.